அளவுச்சட்டையில் இருந்த சந்தனம்

தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் புதுத்துணியோடு பழைய சட்டை ஒன்றையும் கொண்டு வருவார்கள். அளவுச்சட்டை என்போம். போட்டுப் போட்டு உடம்புக்குப் பழகிய சட்டை அது. நாடா பிடித்து அளப்பதைவிட அதை மேசையில் விரித்து வைத்து வெட்டினால்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனம் ஆறும். மட்டக்களப்பில், கல்லடியில் வீட்டு விறாந்தையில் மெசினைப் போட்டு நான் தைக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. அளவுச்சட்டையை உதறியதுமே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றில் பேபி கொலோன், ஒன்றில் ரோசாப்பூப் பவுடர், ஒன்றில் தலைக்கு வைத்த எண்ணெய் கழுத்துப் பக்கம் இறங்கி ஊறியது, ஒன்றில் அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டை. பெயர் எழுதிச் சீட்டுக் குத்தித்தான் வைக்கிறேன். சீட்டுக் கழன்று விழுந்த நாளிலும் ஒருவர் சட்டை இன்னொருவருக்குப் போனதில்லை.

2018இல் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு, மாமாங்கக் கோயிலுக்கென்றே பாரிசிலிருந்து மச்சாள் வந்திருந்தாள். கொண்டு வந்த பட்டுச்சட்டை ஒன்று இறுகிப் போயிருந்தது. கைக்குக் கீழே தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்ட துணியை எடுத்து, பெருப்பித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் கஷ்டம் பிரிப்பதிலும் இல்லை, தைப்பதிலும் இல்லை. பழைய தையல் கோடு மாறாமல் தெரியும். அதை அழுத்தி எடுப்பதில்தான் இருக்கிறது. ஈரத்துணியை மேலே போட்டு அயன் பெட்டியை வைத்தேன். ஆவி எழும்பியது. ஆவியோடு சேர்ந்து ஒரு மணம் வந்து என் முகத்தில் முட்டியது.

கோயில் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கல்லில் உரைத்த சந்தனம் ஈரமாக, கொஞ்சம் மண் கலந்து மணக்கும். இது காய்ந்த சந்தனம். பால் வற்றக் காய்ச்சியது போல ஒரு வழவழப்பு அதில் இருந்தது. அதற்குள்ளே, இரவு கொண்டையிலிருந்து கழற்ற மறந்து விடியத் தலையணையில் நசுங்கிக் கிடக்கிற மல்லிகை.

“என்னகா இது, சட்டையெல்லாம் கோயில் மணக்குது?”

“சென்ற் மணம்கா. கலியாண வீடொண்டுக்கு அடிச்சது. ரெண்டு மாசமாகுது.”

இரண்டு மாதம். பெட்டிக்குள் மடிந்து, விமானம் ஏறி, கடல் தாண்டி வந்தும் அந்தக் கைக்குழியில் அது உட்கார்ந்திருந்தது. பட்டுச்சட்டையை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் போடுவதில்லை, அதனால் தப்பியிருக்கிறது. பேபி கொலோன் கல்லடிப் பாலத்தைத் தாண்டு முன்னே போய்விடுகிற ஊரில் இருந்துகொண்டு இதை நான் எப்படி நம்புவது?

போகிற நாளில், பாதிக்கு மேல் மிச்சமிருந்த போத்தலை மச்சாள் என் மெசின் லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனாள். சிவப்புப் போத்தல். பெயர் சம்சாரா. 1828இல் பாரிசில் தொடங்கிய கெர்லான் என்ற வாசனை வீடு 1989இல் வெளியிட்டது. அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை வாசனைக் கலைஞர் ழான்-போல் கெர்லான் சேர்த்த கூட்டு. மல்லிகையும் சந்தனமும்தான் அதன் இரண்டு கால்கள். மற்றதெல்லாம் அந்த இரண்டையும் இணைக்கப் போட்டவை. சம்சாரம் என்றால் இந்தியப் படங்களில் மனைவி. எங்கள் பக்கம் பெண்சாதி, மனிசி என்பதுதான் புழக்கம். போத்தலுக்குப் பெயர் வைத்தவர்கள் எடுத்தது சமஸ்கிருதத்தில் உள்ள மற்றப் பொருளை: பிறந்து இறந்து மறுபடி பிறக்கிற சுழற்சி.

அதை நான் முதன்முதலில் அடித்தது தவறான நாளில், தவறான அளவில். ஆவணி மாதம், கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கிலிருந்து வயலெல்லாம் காய்ந்து வரும் அந்தக் காற்றில் மதியம் பன்னிரண்டு மணிக்கு கல்முனைக்கு ஒரு கலியாணத்துக்கு பஸ் ஏறினேன். பேபி கொலோன் போடுகிற பழக்கத்தில் ஆறு, ஏழு தரம் அடித்திருந்தேன். காத்தான்குடி தாண்டுமுன் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார். எனக்கோ அப்போது எந்த மணமும் தெரியவில்லை. அழுகை வந்தது. அந்த மணத்தின் மேல் கோபமும் வந்தது. மூன்று மாதம் போத்தலைத் தொடவில்லை.

பிறகுதான் விசாரித்து, வாசித்து, என் உடம்பிலேயே பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கொலோன் வகையில் வாசனைச் சரக்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வீதம்தான். மிச்சம் மதுசாரமும் தண்ணீரும். காய்ச்சல்காரர் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த லேஞ்சியைப் போட்டால் அடுத்த நிமிடமே குளிர்வது அதனால்தான். மதுசாரம் பறந்து போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. மச்சாள் தந்த போத்தல் ஓ தெ பர்ஃபாம் என்ற வகை. அதில் சரக்கு பதினைந்து, இருபது வீதம் வரை இருக்கும். ஏழு தரம் அடித்தால் கொலோனை இருபது தரத்துக்கு மேல் அடித்தது மாதிரி. அடித்தவளுக்கே அது தெரியாமல் போவது மூக்கின் இயல்பு. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணப்பதில்லை. தனக்கு மணக்கவில்லையே என்று மேலும் மேலும் அடிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரின் மூக்கைக் கேட்க வேண்டும்.

இப்போது நான் போடுகிற விதம் இது. அந்திக்குக் குளித்து, துடைத்து, தோலில் ஈரம் முழுதும் காயுமுன் இரண்டே தரம். ஒன்று வயிற்றில், சாறி செருகும் இடத்துக்குச் சற்று மேலே. மற்றது பின்கழுத்தில், கொண்டைக்குக் கீழே. வயிற்றில் போட்டது உடம்புச் சூட்டில் மெதுவாக எழும்பி, கழுத்தோரமாக எனக்கே வந்து சேரும். பின்கழுத்தில் போட்டது என்னைக் கடந்து போகிறவருக்கு. மணிக்கட்டில் நான் போடுவதில்லை. நாள் முழுதும் துணியில் படுகிற கை.

காயும் வரைக்கும் சட்டையைப் போடக் கூடாது. இதைத் தையல்காரியாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பட்டில் நேரே அடித்தால் காசளவு வட்டமாகக் கறை விழும். சாயம் இறங்குகிற லைனிங்காக இருந்தால் மதுசாரம் அதையும் கரைத்து மேல்துணிக்குக் கொண்டு வரும். அந்தக் கறையை என்னிடம் கொண்டு வந்தால் நான் அழத்தான் முடியும். முத்தும் முலாம் பூசிய நகையும் அப்படியே. சென்ற் காய்ந்த பிறகே போட வேண்டும். பொலியெஸ்டர் துணி வேறு விதத்தில் கெடுதல். அது வேர்வையின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. அதன் மேல் எத்தனை விலையான வாசனை போட்டாலும் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும். பருத்தி லைனிங் வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது தையல் நிற்பதற்காக மட்டுமில்லை.

இந்த மணத்தின் முதல் பத்து நிமிடம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. பெர்கமொட் என்ற எலுமிச்சை இனத்துத் தோல், இலாங்-இலாங் என்ற மஞ்சள் பூ, ஏதோ ஒரு பழத்தின் இனிப்பு, எல்லாம் ஒரே வாசலால் முண்டியடித்துக்கொண்டு வரும். கடைகளில் கடதாசித் துண்டில் அடித்து நீட்டுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். அதை வைத்து வாங்குவதும் பொண்ணை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவதும் ஒன்று.

அரை மணித்தியாலத்தில் மல்லிகை வந்துவிடும். நாலு மணிக்குப் பறித்த மொட்டில்லை, இரவு ஒன்பது மணி மல்லிகை. மல்லிகையில் இன்டோல் என்று ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தனியாக எடுத்து மூக்கருகே வைத்தால் அழுகல் நாற்றம். அதைத் துளியும் விடாமல் நீக்கிவிட்டால் சவர்க்காரம் மாதிரி, மணத்தில் உயிர் இருக்காது. மலிவான மல்லிகைச் சென்றுகள் பலவற்றில் நான் காண்பது அந்த உயிரில்லாத பூதான். பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிற பூ இது. கொதிநீரில் வடித்தால் மணம் கொஞ்சம் மாறிவிடும் என்பதால் முந்திய காலத்தில் பிரான்சில் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் பூவைப் பரப்பி, அது தானாக விடுகிற மணத்தைக் கொழுப்பில் வாங்கினார்கள். இப்போது கரைப்பானில் எடுக்கிறார்கள். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க 600 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கத்து மல்லிகையும் பிச்சியும் அப்படிச் சாறாகி உலகமெல்லாம் போகின்றன.

மூன்றாம் மணித்தியாலத்தில் பூவுக்குள் ஒரு பவுடர் மணம் நுழையும். ஐரிஸ் என்ற செடியின் கிழங்கு செய்கிற வேலை அது. கிழங்கைப் பிடுங்கி, தோல் சீவி, காயவைத்து, மூன்று நாலு வருடம் கிடக்க விட்டால்தான் அதில் மணம் பிறக்கும் என்று வாசித்தபோது எனக்கு ஏனோ பெரிய சந்தோசம் வந்தது. அவ்வளவு நாள் யாரோ காத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் மணித்தியாலம் கடந்தால் சந்தனம். அதோடு கொஞ்சம் வனிலா, தொங்கா என்ற விதை. தொங்காவில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. வெட்டிப் போட்ட புல் காயும்போது வருகிற இனிப்பு மணமும் அதுதான். எனக்கு அந்த இடத்தில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஞாபகம் வரும். மாசி, பங்குனியில் வட்டையில், அதாவது வயல்வெளியில், சூடடித்து முடித்த பின்னேரம், வெயில் சாய்ந்து, வைக்கோல் குவியல் மட்டும் இன்னும் சூடாக இருக்குமே, அந்த நேரம். பாரிசில் கலந்தவருக்கு எங்கள் வட்டை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இந்த மணத்தை ஐந்தாம் மணித்தியாலத்தில் இருந்துதான் மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்வது அந்த வைக்கோலை நம்பித்தான்.

ஒரு விசயம் என்னைப் பல நாள் குழப்பியது. வாசனைக்காரர்கள் இந்த வகையைச் சூடான மணம் என்கிறார்கள். மரமும் பூவும் சேர்ந்த, இளஞ்சூடான மணம். சந்தனம் சூடா? எங்களுக்கு அது குளிர்ச்சி அல்லவா? வேர்க்குருவுக்குச் சந்தனம், கண் எரிச்சலுக்கு இமையில் சந்தனம், அம்மாள் போட்ட பிள்ளைக்கு வேப்பிலையும் சந்தனமும். சித்திரை வெயிலில் நெற்றியில் வைத்ததும் தலைக்குள் போகிற குளிர்ச்சியை யாரும் எனக்குப் புத்தகத்தில் காட்ட வேண்டியதில்லை.

இரண்டும் சரி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. நாங்கள் பூசுவது தண்ணீரில் உரைத்த சந்தனம். தண்ணீர் காயக் காயத் தோல் குளிரும், அதற்குள் மணம் மெல்லியதாக நிற்கும். போத்தலில் இருப்பது மரத்தின் எண்ணெய். அந்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி ஆல்ஃபா சாண்டலோல், ஐந்தில் ஒரு பங்களவு பீட்டா சாண்டலோல். கனமான பொருள்கள், இலேசில் ஆவியாகாதவை. அவற்றை எழுப்ப உடம்பின் சூடு வேண்டும். நாங்கள் சந்தனத்திடம் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ச்சியை வாங்குகிறோம். அவர்கள் அதே சூட்டால் சந்தனத்தை எழுப்பி மணத்தை வாங்குகிறார்கள். சந்தனத்துக்கு இரண்டிலும் தேவைப்படுவது உயிருள்ள உடம்பு ஒன்று.

மரமும் அப்படிப்பட்டதுதான். சந்தன மரம் தன் வேரால் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்து, அதிலிருந்து நீரும் சத்தும் வாங்கி வளரும். தனியே நட்டால் சோர்ந்துவிடும். மணம் இருப்பது நடுவைரத்திலும் வேரிலும் மட்டும். வெளியே உள்ள வெள்ளை மரத்துக்கு மணமில்லை. வைரம் பிடிக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும், நல்ல எண்ணெய்க்கு இருபத்தைந்து, முப்பது வருடம் விட வேண்டும். 1792இல் திப்பு சுல்தான் மைசூரில் அதை அரச மரமாக அறிவித்தார். 1916இல் அங்கே அரசாங்க எண்ணெய் ஆலை வந்தது. வெட்டி வெட்டி அந்த மைசூர்ச் சந்தனம் அருகிப் போனது. இப்போது மேற்கு அவுஸ்திரேலியாவில் குனுனுரா என்ற இடத்தில் அதே மரத்தைத் தோட்டமாக வளர்க்கிறார்கள். உலகத்துச் சென்றுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வுகூடத்தில் செய்த சந்தனம். ஆய்வுகூடச் சந்தனத்தை நான் பழிக்கமாட்டேன். ஒரு மரம் தப்புகிறது. ஆனால் இரண்டையும் முகர்ந்தவருக்கு, எண்ணெயில் உள்ள அந்தப் பால் வழவழப்பு கைக்கு எட்டாமல் போவது தெரியும்.

மச்சாளின் போத்தல் குறையக் குறைய எனக்குப் பயம் பிடித்தது. அதற்கு ஈடாக ஏதாவது கிடைக்குமா என்று காத்தான்குடிக்குப் போனேன். லைனிங் துணியும் நூலும் வாங்க மாதம் இரண்டு தரம் போகிற இடம்தான். நடுவீதிப் பேரீச்சை மரங்களைப் பார்த்தபடி நடந்தால் துணிக்கடைகளுக்கு இடையில் அத்தர்க் கடை வரும். முன்பு நான் அதைத் தாண்டித்தான் போவேன். அத்தர் ஆண்களுக்கு, ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்கு என்று ஒரு நினைப்பு.

“மல்லிகையும் சந்தனமும் சேர்ந்தது இருக்கா நானா?” என்று கேட்டேன்.

நானா சிரித்துக்கொண்டே பின்தட்டில் இருந்து ஒரு குப்பியை எடுத்தார். “மோதியா, தங்கச்சி. இது பழைய சாமான். கையைத் திருப்புங்க.” கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். “இப்ப மணக்காதீங்க. வீட்ட போய் அசர் தொழுகைக்குப் பிறகு மணந்து பாருங்க. புடிச்சா நாளைக்கு வாங்க.”

கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்தாம் மணித்தியாலத்தின் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மோதியா என்பது வட இந்தியாவில் கன்னௌஜ் என்ற ஊரில் செய்கிற அத்தர். செப்புக் கிடாரத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடி, மண் பூசி அடைத்து, அடியில் விறகு எரிப்பார்கள். மூங்கில் குழாயால் ஆவி வந்து இறங்குகிற செம்புக்குள் முதலிலேயே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணம் வந்து அந்த எண்ணெயில் ஏறும். அடுத்த நாள் புதுப் பூ, எண்ணெய் மட்டும் அதே. இப்படிப் பல நாள். பாரிசில் 1989இல் சேர்த்த இரண்டையும் கன்னௌஜ்க்காரர் எத்தனையோ தலைமுறையாக ஒரே செம்பில் சேர்த்து வந்திருக்கிறார்கள். மதுசாரம் இல்லாததால் முஸ்லிம்கள் பலர் இதையே விரும்புவார்கள். தொடக்கத்து ஆரவாரம் அத்தரில் இல்லை. பூவும் சந்தனமும் கைகோத்தபடிதான் வரும். மலிவானதில் சந்தனத்துக்குப் பதில் பரபின் எண்ணெய்தான் இருக்கும், தோலில் வழுக்கிக்கொண்டு கிடக்கும். நானா தந்தது அப்படியில்லை. தோலா என்ற நிறைக் கணக்கில் விலை சொன்னார். கால் தோலாதான் வாங்க முடிந்தது.

இரண்டையும் நான் வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணிக் கச்சானில் அத்தர், ஒரே ஒரு கோடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. மழை தொடங்கிய பிறகு சம்சாரா. மார்கழியில், திருவெம்பாவைக்கு விடியற்காலை எழும்பி ஈரத்தலையோடு கோயிலுக்குப் போகும்போது அது மணக்கிற மாதிரி வருடத்தில் வேறு எப்போதும் மணக்காது. வாடைக்காற்றில் உடம்பு ஒடுங்கி இருக்கும், மணமும் உடம்போடு ஒடுங்கி இருக்கும். பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு மட்டும் கிடைக்கும்.

நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022இல் மெசின் மோட்டருக்குக் கரண்ட் இல்லை. காலால் மிதித்துத் தைத்தேன். பரணில் கிடந்த அம்மாவின் சிரட்டைக்கரி அயன் பெட்டியை இறக்கினேன். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மா வரிசை. அந்த வருடம் போத்தலில் நாலு விரல்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு தரம் அடித்துக்கொண்டேன். வேண்டாத செலவு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த மாதங்களில் என்னை மெசின் முன்னால் உட்கார வைத்தவற்றில் அதுவும் ஒன்று.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பெரியம்மாவுக்கு வீடு காரைதீவு. 1990 ஆனியில் வெளியே போன பெரியப்பா திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஆனால் பூ வைப்பதில்லை. கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து, வட்டாவில் சந்தனமும் குங்குமமும் நீட்டினால் குங்குமத்தை மட்டும் தொட்டுவிட்டு உள்ளே போவார். சின்ன வயதில் நான் ஒரு தரம் முற்றத்து மல்லிகையைக் கட்டி அவர் கொண்டையில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் வரட்டும் புள்ள. மறுகா வைப்பம்” என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. முற்றத்து மல்லிகை தன்பாட்டில் பூத்துக் கொட்டும்.

2023 சித்திரை கழிந்து, கண்ணகை அம்மன் சடங்குக்குப் போட ஒரு சட்டை தைக்கவென்று வந்திருந்தார். அவருடைய அளவுச்சட்டையில் எந்த வாசமும் இராது. சவர்க்காரம், நீலம், வெயில். அவ்வளவுதான். கை நீளத்தைப் பார்க்க ஊசி குத்தும்போது நான் அவர் தோளருகே குனிந்திருந்தேன். பின்னேரம் ஐந்து மணியிருக்கும். விடியவே நான் சம்சாரா போட்டிருந்த நாள்.

“என்ன புள்ள, சந்தனம் பூசியிருக்கயா?”

“இல்ல பெரியம்மா. சென்ற்.”

“மல்லிகையும் மணக்குது.”

“மல்லிகையும் இருக்கு.”

என் கையைப் பிடித்து முகர்ந்தார். கையில் போடவில்லை பெரியம்மா, கழுத்தில் என்றேன். குழந்தையை முகர்கிற மாதிரி என் கழுத்தோரம் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஊசி என் கையில் அப்படியே இருந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் சாறியைச் சரிசெய்துகொண்டு தேத்தண்ணி குடித்தார். படலையில் வைத்துத்தான் கேட்டார்:

“அந்தச் சட்டை லைனிங்குக்குள்ள அதில ஒரு சொட்டு வைக்க ஏலுமா? மேல தெரியப்படாது.”

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு வந்த தையல் வேலைகளில் இதைப் போல இன்னொன்று இல்லை. கழுவிக் காய்ந்த பழைய பருத்தித் துண்டொன்றை வெற்றிலை அளவுக்கு வெட்டினேன். போத்தலில் இருந்ததில் மூன்று தரம் அதில் அடித்து, நிழலில் ஒரு இரவு முழுதும் காயவிட்டேன். மேலெழுந்த ஆரவாரமெல்லாம் அந்த இரவில் போய்விட வேண்டும். பூவும் மரமும் மட்டும் நிற்க வேண்டும். விடிந்து முகர்ந்தபோது சரியாக இருந்தது. லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில், இடது கைக்குக் கீழே, நெஞ்சுச் சூடு படுகிற இடத்தில் வைத்து நாலு பக்கமும் கைத்தையல் போட்டேன். மெசின் தையலாக இருந்தால் வெளியில் கோடு தெரியும். மெல்லிய நீலத் துணி. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

குளிர்த்தி இரவுக்கு நானும் காரைதீவுக்குப் போனேன். வருடத்தில் இந்தச் சடங்குக்கென்று கதவு திறந்து, வைகாசிப் பூரணையை ஒட்டி அம்மாளைக் குளிர்விக்கிற நாள். மதுரையை எரித்த சூடு தணிய வேண்டுமே. உடுக்குச் சத்தம், குளிர்த்திப் பாட்டு, சாம்பிராணி, வேப்பிலை. ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா எனக்கு இடது பக்கம். சனத்தின் நெருக்கத்தில் எல்லாருக்கும் வேர்த்தது. நடுச்சாமம் தாண்டியிருக்கும், எனக்கும் அந்த மணம் தெரியத் தொடங்கியது. சாம்பிராணிக்குக் கீழே, வேப்பிலைக்குக் கீழே, மெதுவாக.

பின்னால் இருந்த ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினார். “ஆருகா மல்லிகைப்பூ வெச்சிருக்கிற? நல்ல வாசம்.”

முன்வரிசைப் பெட்டைகள் இரண்டு பேர் தங்கள் தலையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் தலையிலும் மல்லிகை இருக்கவில்லை. பெரியம்மா திரும்பவில்லை. முந்தானையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டு அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், பூசை செய்கிற கப்புகனார் வேப்பிலைக் கொத்தால் தெளித்த குளிர்த்தித் தண்ணீர் எங்கள் எல்லார் முகத்திலும் பட்டது.

ஐந்தாம் நாள் வேறொரு வேலையாகக் காரைதீவுக்குப் போனேன். பெரியம்மாவின் அறைக்குள் கட்டியிருந்த கொடியில் அந்த நீலச்சட்டை கழுவாமல் தொங்கியது. “கழுவித் தரட்டா பெரியம்மா?” என்று கேட்டேன்.

“கிடக்கட்டும்” என்றார்.